பிரிண்டர் கேள்விகள்: இங்க்ஜெட்டா, லேசரா, ரீஃபில் போடலாமா?

பிரிண்டர் சர்வீஸ் கடையில் உட்கார்ந்திருப்பவனிடம் ஊரே திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறது. வீட்டுக்கு ஒன்று வாங்கப் போகிறவர், ஆடிட்டர் ஆபீஸ் பையன், பள்ளிக்கூட கிளார்க், புதிதாக ஜெராக்ஸ் கடை போடுகிறவர் என்று ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருப்பதற்குப் பதில் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன. விலைகள் எல்லாம் தோராயமான கடை விலை, ஏறும், இறங்கும்.

இங்க்ஜெட், லேசர்னு ரெண்டு சொல்றாங்களே, என்னதான் வித்தியாசம்?

இங்க்ஜெட்டில் இருப்பது திரவ மை. தலைமுடியைவிட மெல்லிய துளைகள் வழியாகத் துளித்துளியாகத் தாளில் விழுகிறது. ஹெச்பி, கேனான் மெஷின்கள் மையைச் சட்டென்று சூடாக்கி, அதில் வரும் குமிழியால் துளியைத் தள்ளுகின்றன. எப்சனும் பிரதரும் சூடாக்குவதில்லை. மின்சாரம் பட்டால் வளையும் ஒரு சிறு படிகம் துளியை அழுத்தித் தள்ளுகிறது.

லேசரில் திரவமே கிடையாது. டோனர் என்ற பொடி, அதிலும் பெரும்பகுதி பிளாஸ்டிக். எழுத்தின் வடிவத்தில் டிரம் என்ற உருளை மேல் லேசர் ஒளி விழ, அந்த இடத்தில் பொடி ஒட்டி, அங்கிருந்து தாளுக்கு மாறுகிறது. கடைசியில் ஃபியூசர் என்ற பகுதி 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் பொடியை உருக்கித் தாளோடு அழுத்துகிறது. பக்கம் சூடாக வெளியே வருவது அதனால்தான். ஜெராக்ஸ் மெஷினுக்கும் இதே வழிதான். ஜெராக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த கேரி ஸ்டார்க்வெதர் காப்பியருக்குள் லேசரைக் கொண்டுவந்ததில் பிறந்ததுதான் லேசர் பிரிண்டர். 1984-ல் ஹெச்பி வெளியிட்ட முதல் லேசர்ஜெட்டுக்குள் இருந்த எஞ்சின் கேனானுடையது. கீழே 12ஏ என்ற ஹெச்பி லேசர் கார்ட்ரிட்ஜைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொந்தம் பயன்படும்.

வீட்டுக்கு எது நல்லதுண்ணே? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஒரே வார்த்தையில் வராது. நான் திருப்பிக் கேட்கும் கேள்வி இரண்டு. மாதம் எத்தனை பக்கம் எடுப்பீர்கள்? நடுவில் எத்தனை நாள் மெஷின் சும்மா கிடக்கும்? முதல் கேள்விக்கு எல்லோரும் யோசித்துப் பதில் சொல்கிறார்கள். இரண்டாவதை யாரும் யோசிப்பதில்லை, ஆனால் என் மேஜைக்கு வரும் இங்க்ஜெட்டுகளில் பாதிக்கு மேல் வருவது அதனால்தான்.

வாரத்துக்கு ஒரு முறையாவது ஓடும், கலரும் வேண்டும் என்றால் இங்க் டேங்க், அதாவது பாட்டில் மையை டேங்கில் ஊற்றி ஓட்டும் இங்க்ஜெட். எப்போது ஓடும் என்று சொல்லவே முடியாது, கருப்பு எழுத்துப் போதும் என்றால் லேசர். பிள்ளைகளுக்கு ஹால் டிக்கெட், ஆதார் நகல், பட்டா சிட்டா என்று எப்போதாவது நாலு பக்கம்தான் என்றால் இரண்டுமே வேண்டாம், தெருமுனை ஜெராக்ஸ் கடை போதும். பிரிண்டர் விற்பவன் இப்படிச் சொல்லக்கூடாதுதான். ஆனால் ஆறு மாதம் கழித்து அதே ஆள் காய்ந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து என்னைத்தான் திட்டுவார்.

கார்ட்ரிட்ஜ் பிரிண்டர் அஞ்சாயிரத்துக்கு வருது, டேங்க் பிரிண்டர் பதிமூணாயிரம் சொல்றீங்க. எதுக்கு அவ்வளவு கொடுக்கணும்?

ஒரு பக்கத்துக்கு என்ன செலவு என்று வகுத்துப் பாருங்கள். ஹெச்பி 680 கருப்பு கார்ட்ரிட்ஜ் 480 பக்கம் தரும் என்பது கம்பெனிக் கணக்கு. விலை ஆயிரத்தை ஒட்டி இருக்கும். பக்கத்துக்கு ஏறக்குறைய இரண்டு ரூபாய். எப்சன் டேங்க் மெஷின்களில் ஊற்றும் 003 கருப்பு மை பாட்டில் 4500 பக்கம். விலை நானூறை ஒட்டி. பக்கத்துக்குப் பத்து காசுக்குள் முடிகிறது.

இதைப் பார்த்தவுடன் டேங்க்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். விலை வித்தியாசம் எட்டாயிரம். பக்கத்துக்கு ஒன்றே முக்கால், இரண்டு ரூபாய் மிச்சம் என்றால் நாலாயிரம் பக்கத்துக்கு மேல் ஓடினால்தான் அந்த எட்டாயிரம் திரும்பும். மாதம் முப்பது பக்கம் எடுக்கும் வீட்டில் அதற்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். மாதம் முந்நூறு பக்கம் எடுக்கும் டியூஷன் சென்டரில் ஒன்றேகால் வருடத்தில் போட்ட காசு வந்துவிடும். கணக்கு ஒன்றுதான், உங்கள் பக்க எண்ணிக்கையை நீங்கள்தான் போட வேண்டும்.

லேசர்ல ஒரு பக்கத்துக்கு எவ்வளவு ஆகும்?

ஒரிஜினல் டோனர் போட்டால் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். ஹெச்பி 12ஏ 2000 பக்கம், 88ஏ 1500 பக்கம். ஒரிஜினல் 12ஏ விலை ஐயாயிரத்தைத் தாண்டும், ஆக பக்கத்துக்கு இரண்டரை ரூபாய்க்கு மேல். பிரதரில் டோனர் தனி, டிரம் தனி. டிஎன்-2365 டோனர் 2600 பக்கம், அதற்கான டிரம் 12,000 பக்கம். டோனர் தீர்ந்தால் டோனரை மட்டும் மாற்றினால் போதும் என்பதால் பக்கத்துக்கு ஒரு ரூபாய், ஒன்றேகால் ரூபாயில் அடங்கும். 12ஏ-யிலோ டோனர், டிரம் எல்லாம் ஒரே பெட்டிக்குள்.

நம் ஊரில் லேசர் மலிவு என்று பேர் வாங்கியதற்குக் காரணம் ரீஃபில். முந்நூறு ரூபாய்க்குப் பொடி நிரப்பி ஆயிரத்தைந்நூறு பக்கம் எடுத்தால் பக்கத்துக்கு இருபது காசு. ரீஃபில் போடாதவருக்கு லேசர் மலிவு கிடையாது. லேசரில் நடுவழி ஒன்றும் இருக்கிறது. ஹெச்பி 2019-ல் கொண்டுவந்த நெவர்ஸ்டாப் வகை லேசரில், டேங்கில் மை ஊற்றுவதுபோல நீங்களே டோனர் பொடியை நிரப்பலாம். 103ஏ என்ற ஒரு கிட் 2500 பக்கம்.

பாக்ஸ்ல 4500 பக்கம்னு போட்டிருக்கான், எனக்கு ரெண்டாயிரம்கூட வரலியே? ஏமாத்துறானா?

ஏமாற்றவில்லை, அவன் அளக்கும் பக்கமும் நீங்கள் எடுக்கும் பக்கமும் வேறு. கருப்பு டோனருக்கு ஐ.எஸ்.ஓ. 19752, கலர் இங்க்ஜெட்டுக்கு 24711 என்று அளவு முறை இருக்கிறது. கருப்புக்கான மாதிரிப் பக்கத்தில் தாளின் 5 சதவீதம்தான் கருப்பாகும். ஒரு சாதாரணக் கடிதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பத்திரம் மாதிரி அடர்ந்த எழுத்து, மேலே பள்ளியின் பட்டை லோகோ, ஆதார் அட்டையின் கலர் நகல் என்றால் 15, 20 சதவீதம்கூடப் போகும். பக்க எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

இன்னும் இரண்டு காரணம் உண்டு. புது டேங்க் மெஷினில் முதல் முறை ஊற்றும் மையில் ஒரு பகுதி குழாய்களை நிரப்பவே போய்விடும். புது லேசரோடு வரும் டோனரிலோ பல மாடல்களில் அரை அளவுப் பொடிதான் இருக்கும், ஸ்டார்ட்டர் என்பார்கள். பில் போடும் முன் கடைக்காரரிடம் இதைக் கேளுங்கள்.

ரெண்டு மாசம் யூஸ் பண்ணலை, இப்போ கோடு கோடா வருது. மெஷின் போச்சா?

பெரும்பாலும் போகவில்லை. துளைகளில் மை காய்ந்திருக்கிறது. செட்டிங்கில் நாசில் செக் என்று ஒரு பக்கம் எடுத்துப் பாருங்கள். கட்டம் கட்டமாக வரும் கோடுகளில் எங்கே இடைவெளி விழுகிறதோ அங்கே அடைப்பு. ஹெட் கிளீனிங் ஒரு முறை கொடுங்கள், மறுபடி நாசில் செக் எடுங்கள். இரண்டு மூன்று முறையில் சரியாகாவிட்டால் நிறுத்திவிட்டு ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள், காலையில் மறுபடி பாருங்கள். பத்துப் பதினைந்து தடவை அழுத்திக்கொண்டே இருந்தால் பாட்டில் மை முழுக்க, கழிவு மையை உறிஞ்ச உள்ளே வைத்திருக்கும் பஞ்சுக்குத்தான் போகும்.

ஹெட் என்பது மைத் துளைகள் இருக்கும் பகுதி. அது எங்கே இருக்கிறது என்பது முக்கியம். ஹெச்பி 680, 803 போன்றவற்றில் ஹெட் கார்ட்ரிட்ஜிலேயே இருக்கிறது. அடிப்பக்கம் செம்பு நிறத்தில் ஒரு சிறு பட்டை தெரியும், அதுதான். அடைத்துக்கொண்டால் கார்ட்ரிட்ஜை மாற்றினால் ஹெட்டும் புதிது. எப்சன் டேங்க் மெஷினில் ஹெட் மெஷினோடு நிரந்தரம். போனால் சில ஆயிரங்கள். அதனால் எப்போதாவது எடுப்பவருக்கு மலிவு கார்ட்ரிட்ஜ் மெஷின் அவ்வளவு மோசமான யோசனை இல்லை என்று நான் சொல்வதுண்டு.

காயாம இருக்க என்ன பண்றது?

வாரம் ஒரு முறை நாலு கலரும் இருக்கும் ஒரு பக்கம் எடுங்கள். பிறகு, சுவிட்ச் போர்டில் அணைக்காதீர்கள். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் கேட்பதில்லை. பிரிண்டரில் உள்ள பவர் பட்டனை அழுத்தினால் ஹெட் வலது ஓரத்துக்குப் போய் ஒரு ரப்பர் மூடியின்மேல் உட்கார்ந்து, காற்றுப் புகாமல் மூடிக்கொள்ளும். அந்த "கிர்க்" சத்தம் நின்ற பிறகுதான் பிளக்கில் கை வைக்க வேண்டும். வேலை நடக்கும்போதே போர்டில் தட்டினால் ஹெட் நட்டநடுவில் திறந்தபடி நிற்கும். கோடையில் ஒரு வாரம் அப்படி நின்றால் போதும்.

லேசரை இன்வெர்ட்டர்லயோ யூபிஎஸ்லயோ போடலாமா?

கூடாது. ஃபியூசர் சூடாகும் நொடியில் பல நூறு வாட் இழுக்கும், சில மாடல்கள் ஆயிரம் வாட்டை எட்டும். கம்ப்யூட்டருக்கு நாம் வாங்கும் 600 விஏ யூபிஎஸ் தாங்குவது 360 வாட் அளவுதான். பிரிண்ட் கொடுத்தவுடன் யூபிஎஸ் கத்திவிட்டு எல்லாவற்றையும் அணைக்கும், டைப் செய்த ஃபைலும் சேர்ந்து போகும். லேசருக்குச் சுவரில் நேரடி பிளக் கொடுங்கள்.

டேங்க் இங்க்ஜெட் பிரிண்ட் எடுக்கும்போதே பதினைந்து வாட்டுக்குள்தான். கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் இ-சேவை மையம் நடத்துகிறவருக்கு இது ஒன்றே போதும் இங்க்ஜெட் பக்கம் சாய.

பிரிண்ட்ல தண்ணி பட்டா அழியுமா? ஹால் டிக்கெட் எல்லாம் வேர்வைல கலையுதே.

லேசர் பிரிண்ட் கலையாது. உருகி ஒட்டிய பிளாஸ்டிக் அல்லவா. இங்க்ஜெட்டில் மையைப் பொறுத்தது. டை மை தண்ணீரில் கரைந்தது, ஈரம் பட்டால் பரவும். பிக்மென்ட் மையில் நிறத்துகள் தாளின் மேலேயே தங்கும், அவ்வளவு எளிதில் கலையாது. எப்சன் 003, 664 பாட்டில்கள் நாலும் டை. கேனான் ஜி வரிசையின் ஜிஐ-790 கருப்பும், ஹெச்பி டேங்கின் ஜிடி53 கருப்பும் பிக்மென்ட், மற்ற மூன்று கலர் டை. ஆபீஸ் கடிதம், விண்ணப்பம்தான் அதிகம் என்றால் கருப்பு பிக்மென்டாக இருக்கும் மெஷினை வாங்குங்கள். ஃபோட்டோதான் அதிகம் என்றால் டை மை பளபளப்புத் தாளில் அழகாக வரும்.

லேசருக்கும் ஒரு எதிரி உண்டு. லேசர் பிரிண்டை மலிவான பிளாஸ்டிக் ஃபோல்டருக்குள் வெயிலில் மாதக்கணக்கில் வைத்தால் எழுத்து கவரோடு ஒட்டிக்கொண்டு உரிந்து வரும். சர்டிஃபிகேட்டுகளை அப்படி வைக்காதீர்கள்.

ஃபோட்டோ பேப்பர், ஸ்டிக்கர் ஷீட், ஓஹெச்பி ஷீட் இதெல்லாம் லேசர்ல போகுமா?

கவரில் லேசர் என்று அச்சிட்டிருந்தால் மட்டும். இங்க்ஜெட் ஃபோட்டோ பேப்பரின் பளபளப்புப் பூச்சு ஃபியூசர் சூட்டில் உருகி ரோலரில் சுற்றிக்கொள்ளும். சாதாரண பிளாஸ்டிக் ஷீட்டும் அப்படியே. அதற்குப் பிறகு மாற்ற வேண்டியது தாள் இல்லை, ஃபியூசர்.

கலர் லேசர் வாங்கிடலாமா? ரெண்டு வேலையும் முடிஞ்சிடுமே.

நோட்டீஸ், பிரசென்டேஷன், படம் போட்ட ரிப்போர்ட் என்று ஆபீஸில் தினமும் கலர் ஓடினால் வாங்கலாம். வீட்டுக்கு வேண்டாம். நாலு டோனர், நாலும் தனித்தனி விலை, ஒன்று தீர்ந்தாலும் பல மாடல்கள் ஓட மறுக்கும். இத்தனை செலவுக்குப் பிறகும் பாஸ்போர்ட் சைஸ் ஃபோட்டோவில் முகத்தின் நிறம் டேங்க் மெஷினில் வருகிற மாதிரி வராது.

மழைக்காலம் வந்தாலே பேப்பர் சிக்குது, ஏன்?

தாள் ஈரத்தை உறிஞ்சும். ஈரத் தாள் லேசரில் சுருளும், சிக்கும், எழுத்தும் மங்கலாக விழும். பிரித்த ரீமை டிரேயிலேயே விட்டுவிடாமல் கவரில் போட்டு மூடிவையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் சர்வீஸுக்கு வரும் பாதி "ரோலர் தேய்ந்த" மெஷின்களில் ரோலர் நன்றாகவே இருக்கும். டிரேயில் புதுக் கட்டுத் தாளை வைத்து ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் எனக்கு ஃபோன் செய்யுங்கள். பிராண்டைப் பற்றிக் கேட்டால், கரும்புச் சக்கையில் தாள் செய்யும் நம் கரூர்ப் பக்கத்து டிஎன்பிஎல் தாளே எனக்குப் போதும். 70க்குக் குறைந்த ஜிஎஸ்எம் (தாளின் கனம்) மட்டும் வேண்டாம்.

டூப்ளிகேட், கம்பேட்டிபிள், ரீஃபில் எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை, இதைக் கலந்துகட்டிப் பேசுவதால்தான் ஏமாறுகிறார்கள். ரீஃபில் என்றால் உங்கள் காலிக் கார்ட்ரிட்ஜிலேயே பொடியோ மையோ நிரப்புவது. ரீமேனுஃபேக்சர்டு என்றால் ஒரிஜினல் காலிக் கூட்டைப் பிரித்து டிரம், பிளேடு மாற்றிப் புதிதாக்கியது. கம்பேட்டிபிள் என்றால் வேறு கம்பெனி தன் சொந்தப் பெயரில் முழுக்கப் புதிதாகச் செய்தது, டப்பா மேலேயே "12ஏ-க்குப் பொருந்தும்" என்று போட்டிருக்கும். இந்த மூன்றும் நேர்மையான வியாபாரம்.

டூப்ளிகேட் என்பது ஹெச்பி, கேனான் பெயரையும் லோகோவையும் போட்டு ஒரிஜினல் என்று விற்பது. அது 1999-ஆம் ஆண்டு வர்த்தகக் குறிகள் சட்டத்தின்படி குற்றம். கேடு என்னவென்றால், கம்பேட்டிபிள் அளவுக்கே தரமுள்ள பொருளுக்கு நீங்கள் ஒரிஜினல் விலை கொடுக்கிறீர்கள்.

12ஏ-ல எத்தனை தடவை ரீஃபில் போடலாம்?

நல்ல கையாக இருந்தால் இரண்டு, மூன்று தடவை பொடி மட்டும். அதற்குப் பிறகு டிரம் மாற்ற வேண்டும். டிரம்மில் மிச்சப் பொடியை வழித்தெடுக்கும் வைப்பர் பிளேடையும் கூடவே மாற்றச் சொல்லுங்கள், பழைய பிளேடு புது டிரம்மைக் கீறிவிடும்.

ரீஃபில் போடும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். பின்னைத் தட்டி எடுத்து இரண்டு பாதியாகப் பிரிப்பவர் வேலை தெரிந்தவர். சால்டரிங் அயர்னால் ஓட்டை போட்டுப் பொடியை ஊற்றி டேப் ஒட்டுபவரிடம் கொடுக்காதீர்கள். காரணம், டிரம் பக்கத்துப் பாதியில் கழிவுப் பொடி சேரும் அறை ஒன்று இருக்கிறது. தாளுக்குப் போகாமல் மிச்சமான பொடி, தாள் தூசி எல்லாம் அதில் கிடக்கும். பிரித்தால்தான் அதைக் காலி செய்ய முடியும். காலி செய்யாவிட்டால் நிரம்பி வழிந்து பக்கமெல்லாம் சாம்பல் பூசும். சிலர் அந்தக் கழிவையே திரும்ப டோனர் அறையில் கொட்டுகிறார்கள், அதைப் பார்த்தால் கார்ட்ரிட்ஜை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். பிரித்து வைத்த டிரம்மை வெளிச்சத்தில் போட்டு டீ குடிக்கப் போகிறவரும் சரியில்லை; பச்சையோ நீலமோ தெரியும் அந்தப் பூச்சு வெளிச்சத்தில் கெடும், கருப்புத் துணி போட்டு மூடவேண்டும்.

12ஏ இவ்வளவு பிரபலமானதற்குக் காரணம் அதில் சிப் கிடையாது. மெஷின் எதையும் எண்ணாது, நிரப்பினால் ஓடும். கேனான் எல்பிபி 2900-ன் 303 கார்ட்ரிட்ஜும் உருவத்தில் இதே பொருள்தான். முதல் பதிலில் சொன்ன எஞ்சின் சொந்தம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய் 12ஏ டிரம், பிளேடு, பொடி என்று கேட்டால் எல்லாம் உதிரியாகவே கிடைக்கும்.

பக்கத்துல ஒரே இடைவெளியில ஒரு புள்ளி விழுந்துட்டே இருக்கு.

ஸ்கேலை எடுத்து ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். 12ஏ-யின் டிரம் 24 மில்லிமீட்டர் விட்டம், ஒரு சுற்றுக்குச் சுமார் 75 மில்லிமீட்டர். தூரம் 75 வந்தால் டிரம்மில் காயம். அதில் பாதியை ஒட்டி வந்தால் டிரம்முக்கு மின்னேற்றம் கொடுக்கும் பிசிஆர் என்ற ரப்பர் ரோலரில் அழுக்கு, துடைத்தாலே போகலாம். இந்த அளவைச் சொல்லி ஃபோன் செய்கிறவர் கடைக்கு வரும் முன்பே நான் பாகத்தை எடுத்துவைத்துவிடுவேன். மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோடு என்றால் டிரம்மில் கீறல் அல்லது பிளேடு தேய்வு. ஒரு ஓரம் மட்டும் மங்கல் என்றால் பொடி தீர்கிறது, கழற்றி இடவலமாக மெல்ல ஆட்டிப் போட்டால் இன்னும் கொஞ்சம் ஓடும்.

அப்போ டேங்க் பிரிண்டருக்கும் லோக்கல் இங்க் ஊத்தலாம்தானே? லிட்டர் கணக்குல மலிவா கிடைக்குதே.

இங்கேதான் நான் ஆட்களோடு சண்டை போடுகிறேன். லேசரில் ரீஃபில் போட்டால் பக்கத்துக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் மிச்சம். தப்பாகப் போனாலும் பெரும்பாலும் கெடுவது கார்ட்ரிட்ஜ், மெஷின் பிழைத்துக்கொள்ளும். டேங்கில் ஒரிஜினல் மையே பத்து காசு. லோக்கல் மை மூன்று காசு என்றே வைத்தாலும் மிச்சம் ஏழு காசு. ஆயிரம் பக்கத்துக்கு எழுபது ரூபாய். அதற்காக நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய் ஹெட்டைப் பணயம் வைக்க வேண்டுமா? கலருக்கும் இதே வாதம்தான், காசு கொஞ்சம் கூடும்.

டேங்க் மெஷின் பிறந்த கதையே இதற்குச் சாட்சி. முன்பெல்லாம் கார்ட்ரிட்ஜ் மெஷினுக்கு வெளியே பாட்டில்களை மாட்டி, குழாய் விட்டு, லோக்கல் மை ஊற்றி ஓட்டினார்கள். அந்த வேலை கொடிகட்டிப் பறந்த இந்தோனேசியாவில்தான் எப்சன் 2010-ல் தன் டேங்க் மெஷினை முதலில் இறக்கியது. ஜனங்கள் செய்த தந்திரத்தையே கம்பெனி பெட்டிக்குள் வைத்து விற்றது. இப்போது அதற்கும் மேலே தந்திரம் செய்வதில் லாபம் கிடையாது.

தினம் ஐந்நூறு கலர் பக்கம் ஓட்டும் கடைக்காரர் என்றால் கதை வேறு. மெஷின் ஓய்வில்லாமல் ஓடுவதால் ஹெட் காயவும் நேரமில்லை. அந்தச் சிறு மிச்சமும் தினமும் சேர்ந்துகொண்டே போகும். அவர்கள் நல்ல பிராண்டின் மையைத் தேர்ந்து ஊற்றுகிறார்கள், ஹெட் செலவையும் கணக்கில் எழுதிவைத்துவிடுகிறார்கள். எதை ஊற்றினாலும் டை இருக்கும் டேங்கில் பிக்மென்டைக் கலக்காதீர்கள். இரண்டும் சேர்ந்து திரிந்து துளையில் கெட்டிப்படும்.

வேற டோனர் போட்டா வாரன்டி போயிடுமா?

போட்டதால் மட்டும் போகாது. ஹெச்பி தன் வாரன்டித் தாளிலேயே, வேறு கார்ட்ரிட்ஜோ ரீஃபிலோ போட்டதால் வாரன்டி பாதிக்கப்படாது, ஆனால் அதனாலேயே பழுது வந்தால் சரிசெய்யும் செலவு உங்களுடையது என்று எழுதியிருக்கிறது. டோனர் உள்ளே கொட்டிக் கிடந்தாலோ டேங்கில் வேறு மையால் ஹெட் அடைத்திருந்தாலோ வாரன்டி கேட்டு நிற்க முடியாது. என் பழக்கம், வாரன்டி இருக்கும்வரை கூட வந்த ஒரிஜினலைப் போட்டுவிட்டு, முடிந்த பிறகு ரீஃபிலுக்குப் போவது. இங்க் டேங்குக்கு முந்தைய பதிலே போதும்.

நேத்து வரைக்கும் ஓடின கம்பேட்டிபிள் இன்னிக்கு "கார்ட்ரிட்ஜ் ஏற்கப்படவில்லை"ன்னு சொல்லுது. என்ன ஆச்சு?

ராத்திரி அப்டேட் இறங்கியிருக்கும். 2016 செப்டம்பரில் ஹெச்பி ஆபீஸ்ஜெட் வகை மெஷின்கள் பல நாடுகளில் ஒரே நாளில் வேற்றுக் கார்ட்ரிட்ஜ்களை மறுத்தன. கூச்சல் எழுந்ததும், சரியாக விளக்கிச் சொல்லாததற்கு ஹெச்பி மன்னிப்புக் கேட்டு, அந்தத் தடையை நீக்கும் அப்டேட்டை விருப்பப்பட்டவர்களுக்குக் கொடுத்தது. ஆனால் டைனமிக் செக்யூரிட்டி என்ற அந்த ஏற்பாட்டைக் கைவிடவில்லை. வாங்கும் முன் பெட்டியில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அதில் ஒரு சந்து இருக்கிறது. அது சோதிப்பது சிப்பை. ஹெச்பியின் சொந்த சிப் இருக்கும் ஒரிஜினல் கூட்டில் ரீஃபில் போட்டால் ஏற்றுக்கொள்ளும் என்று ஹெச்பியே சொல்கிறது. ஆக, இந்த மாடல்களில் கம்பேட்டிபிளைவிட உங்கள் ஒரிஜினல் காலிக் கூட்டை வைத்து ரீஃபில் போடுவதுதான் பத்திரம். ஓடிக்கொண்டிருக்கும்போதே மெஷின் செட்டிங்கில் ஆட்டோ அப்டேட்டை அணைத்துவிடுங்கள். மறுக்க ஆரம்பித்த பிறகு அணைத்துப் பலனில்லை.

சிப் இல்லாவிட்டால் அச்சு கெட்டுவிடுமா என்று கேட்பார்கள். 2022 தொடக்கத்தில் சிப் தட்டுப்பாடு வந்தபோது கேனானே சிப் இல்லாத டோனர்களை ஐரோப்பாவில் விற்று, எச்சரிக்கை வந்தால் எந்தப் பட்டனை அழுத்தித் தாண்டுவது என்று வாடிக்கையாளருக்குச் சொல்லிக்கொடுத்தது. டோனர் எவ்வளவு மிச்சம் என்று சரியாகக் காட்டாது, அவ்வளவுதான்.

எப்சன்ல ரெண்டு சிவப்பு லைட்டும் மாறி மாறி எரியுது. ரீசெட்டர் சாஃப்ட்வேர் டவுன்லோட் பண்ணலாமா?

ஹெட் கிளீனிங்கின்போது போகும் மையெல்லாம் அடியில் உள்ள பஞ்சில் சேர்கிறது என்று மேலே சொன்னேனே, அதன் கணக்கு முடிந்துவிட்டது என்கிறது மெஷின். பஞ்சை உண்மையில் எட்டிப் பார்க்காது, எத்தனை கிளீனிங் ஆனது என்று எண்ணி வைத்திருக்கும் கணக்கு அது. ரீசெட் செய்தால் எண் பூஜ்யமாகும், பஞ்சு பூஜ்யமாகாது. பஞ்சை மாற்றாமல் இரண்டு மூன்று முறை ரீசெட் செய்த மெஷினைத் தூக்கினால் அடியிலிருந்து மை சொட்டும். மேஜைத் துணி போய்விடும். பஞ்சை மாற்றிய பிறகு ரீசெட் செய்யுங்கள். இலவசமாகக் கிடைக்கும் ரீசெட்டர் ஃபைல்களில் பல, ஆன்டி வைரஸை அணைத்துவிட்டுத் திறக்கச் சொல்லும். பில்லிங் செய்யும் கம்ப்யூட்டரில் அதைத் திறக்கவே கூடாது.

டோனர் பொடி கொட்டிடுச்சு. விஷமா?

தொட்டதால் ஒன்றும் ஆகாது. மூச்சில் இழுக்காதீர்கள், ஃபேனை அணைத்துவிட்டு ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். கையைப் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீர் வேண்டாம், பிளாஸ்டிக் இளகி ஒட்டிக்கொள்ளும். சட்டையில் விழுந்தால் முதலில் உதறுங்கள், தேய்க்காதீர்கள், இஸ்திரிப் பெட்டி பக்கமே போகக்கூடாது. வீட்டு வேக்குவம் கிளீனரும் வேண்டாம்; அதன் ஃபில்டரைத் தாண்டி நுண்பொடி அறை முழுக்கப் பறக்கும்.

ஜெராக்ஸ் கடை போடுறேன். ஒரே மெஷின்ல சமாளிக்க முடியுமா?

முடியாது, முயற்சியும் வேண்டாம். கருப்புக்கு இரண்டு பக்கமும் தானாக எடுக்கும் ஒரு லேசர், கலருக்கு ஒரு டேங்க் மெஷின். ஒன்று படுத்தால் மற்றொன்று கடையைத் திறந்து வைத்திருக்கும். பரீட்சை நேரத்தில் வரிசையில் நிற்கும் பிள்ளைகளிடம் "மெஷின் ரிப்பேர்" என்று ஒரு நாள் சொன்னால், மறுநாள் அவர்கள் எதிர்க்கடையில்தான் நிற்பார்கள். லேசருக்கு எப்போதும் இரண்டு கார்ட்ரிட்ஜ் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று மெஷினில், ஒன்று ரீஃபில் முடித்துத் தயாராக.

ஒரிஜினல்னு நம்பி வாங்குறோம். எப்படி கண்டுபிடிக்கிறது?

பெட்டியில் உள்ள ஹாலோகிராம் சீலைச் சாய்த்துப் பாருங்கள், அதிலுள்ள கியூஆர் கோடைக் கம்பெனியின் சொந்த ஆப்பிலோ தளத்திலோ ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேன் செய்ததும் எந்தத் தளம் திறக்கிறது என்று முகவரியையும் கவனியுங்கள். போலி சீலின் கியூஆர் கோடு போலித் தளத்துக்குத்தான் போகும். ஜிஎஸ்டி பில் தர மாட்டேன் என்கிற கடையில் பாதி விலை ஒரிஜினல் கிடைக்காது.

காலிக் கார்ட்ரிட்ஜை வாங்க ஆள் வர்றாங்க, கொடுக்கலாமா?

கூடு ரீமேனுஃபேக்சர் செய்பவருக்குப் போனால் நல்லதுதான், மின்கழிவு விதிகளில் பிரிண்டரோடு கார்ட்ரிட்ஜும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது, குப்பைத்தொட்டியில் போடக்கூடாது. கொடுக்கும்போது கார்ட்ரிட்ஜை மட்டும் கொடுங்கள். கிழியாத ஒரிஜினல் பெட்டிக்குத் தனியாக இருபது, முப்பது ரூபாய் தருகிறேன் என்பவரிடம் விற்காதீர்கள். முந்தைய கேள்விக்கான போலிகள் உட்காருவது அந்தப் பெட்டிகளில்தான். சீலின் மேல் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டு, பெட்டியை நாலாகக் கிழித்து, பழைய பேப்பரோடு போட்டுவிடுங்கள்.